மெதுவாக மிதித்தால் இறங்கும்

கோயமுத்தூரில் நான் முதலில் உற்றுப் பார்த்தது ஓர் ஓட்டுநரின் வலது கால். ரயில் நிலையத்திலிருந்து கணபதி போகும் வழியில் எதிரே சைக்கிள் வந்தாலும் மாடு வந்தாலும் அந்தக் கால் பிரேக் மிதியை இரண்டு முறை படபடவென்று உதைத்தது. மூன்றாவது உதையில்தான் வண்டி நின்றது. இடது கை கியரிலும், தேவைப்பட்டால் கைப்பிரேக்கிலும் இருந்தது. வழக்கமாக விருந்தாளிகள் பின்னால் உட்காருவார்கள். அன்று பின் இருக்கையில் பம்ப் மூடிகள் சாக்கில் கட்டிக் கிடந்ததால் நான் முன்னால் உட்கார நேர்ந்தது. இல்லாவிட்டால் அந்தக் காலைப் பார்த்திருக்க மாட்டேன்.

ஓட்டுநரின் பெயர் ஆரோக்கியம். நாற்பத்தைந்து வயது இருக்கும், போத்தனூர்க்காரர். மிதி ஏன் இப்படி என்று கேட்டதும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் இதைக் கேட்டதில் அவருக்கு வியப்பு இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"வேகமா ஒதச்சா நிக்குதுங்க மேடம். மெதுவா மிதிச்சா காலோட எறங்கிப் போயிருதுங்க. சொன்னா ஒருத்தரும் நம்பறதில்லீங்க."

நான் ஆட்டோமொபைல் எஞ்சினியரிங்கில் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் ஒரே பெண். படித்து முடித்து மூன்று சர்வீஸ் நிலையங்களுக்கு நேர்காணலுக்குப் போனேன். மூன்றிலும் கேட்டது ஒரே கேள்வி: காருக்கடியில் படுப்பாயா? படுப்பேன் என்றேன். வேலை தரவில்லை. கடைசியில் சென்னையில் விவசாய பம்ப் விற்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். அவர்களுக்கு வார்ப்பு செய்து தரும் பவுண்டரிக்கு ஒரு வாரம் போய், புதிய அச்சில் வார்த்த பம்ப் உடல்களை அளந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதிவிட்டு வர வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

தங்கியது பவுண்டரி முதலாளி பொன்னுசாமியின் வீட்டில், பவுண்டரியை ஒட்டியே இருந்தது. அவர் மனைவி சரோஜாவை அக்கா என்று கூப்பிடச் சொன்னார். மதியச் சாப்பாடு அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த சாதம், மேலே நெய், பக்கத்தில் தயிர். எங்கள் கும்பகோணத்துப் பக்கம் இதைச் சமையல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாம்பார் வைக்க நேரமில்லாதவள் செய்தது என்பார்கள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். தண்ணீருக்கும் ஓர் இனிப்பு இருந்தது. கார் ஷெட்டின் சுவரில் ஒரு மாடம், அதில் கவிழ்த்து வைத்த ஓர் எவர்சில்வர் டம்ளர். ஆரோக்கியம் அதை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். சரோஜா அக்கா டம்ளரில் படாமல் உயரத் தூக்கிக் காப்பியை ஊற்றினார். எங்கள் ஊரிலும் இதேதான், ஊற்றும் உயரம்கூட அதேதான். எனக்கு அதிர்ச்சி எதுவும் வரவில்லை. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

விஷயம் என்னவென்று அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன் இதே கார் கிணத்துக்கடவு கடைவீதியில் ஓர் இளநீர் வண்டியில் மோதியிருக்கிறது. நடக்கிற வேகம்தான். ஆனால் வண்டி சாய்ந்து, குலையெல்லாம் இளநீர்க்காரரின் மேல் சரிந்து, அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. போலீசில் வழக்கு. ஆரோக்கியம் பிரேக் பிடிக்கவில்லை என்கிறார். முதலாளி பிரேக்கில் ஒன்றுமில்லை, ஆளுக்குத்தான் கவனமில்லை என்கிறார். பிரேக் மேல் தவறு என்று ஆகாவிட்டால் ஆரோக்கியத்தின் லைசென்ஸ் போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வார்ப்புகளை அளந்தேன். மாலையில் பொன்னுசாமி என்னைக் கார் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். யாரோ சொல்லியிருக்க வேண்டும், நான் பிரேக் பற்றிக் கேட்டேன் என்று. அவர் உள்ளே உட்கார்ந்து மிதியை ஓங்கி ஓர் உதை உதைத்தார். மிதி பாதியில் நின்றது.

"கல்லாட்ட நிக்குது பாருங்க அம்மணி. காலு ஓஞ்சுபோனவனுக்கு எந்த பிரேக் புடிக்கும்?"

அவர் கெட்ட மனிதர் போலத் தெரியவில்லை. கடைசி வரை தெரியவே இல்லை. யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆரோக்கியத்திடம்கூட, "வண்டியத் தொடச்சு வெச்சுட்டுப் போங்க" என்றுதான் சொன்னார். ஒருவரை நம்பவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

புதன்கிழமை அளக்கும் வேலை இல்லை, அச்சுகள் தயாராகவில்லை. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் முதலாளி. ஆரோக்கியம் ஓட்டினார். ஆனி மாதக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றில் கார் லேசாக ஆடியது. சாரல் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. கடைவீதி வந்ததும் ஆரோக்கியம் இரண்டாவது கியருக்கு இறக்கி ஊர்ந்து போனார். ஒரு புளிய மரத்தடியில் ஓர் இளநீர் வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரப் பெண் எங்கள் காரின் நம்பரைப் பார்த்தாள், பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தாள், பிறகு பூவைத் தொடர்ந்து கட்டினாள். முதலாளி அந்த நேரம் முழுக்க இடது பக்கத் தோட்டங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

தோப்பில் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடிக்கத்தான் செய்தேன். பிறகு காரில் ஏறி உட்காரலாமா என்று கேட்டேன். முதலாளி சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். சாவி தேவைப்படவில்லை. மிதியின் மேல் காலை வைத்து, தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைக்கிற அளவுக்கு மட்டும் அழுத்தினேன். மிதி இறங்கத் தொடங்கியது. பதினாறு எண்ணுவதற்குள் தரையைத் தொட்டது. மறுபடி செய்தேன். பதினைந்து.

என் நோட்டில் அன்று எழுதியது இது. ஒன்று, பிரேக் எண்ணெய் மட்டம் குறைகிறதா? காலடிக் கம்பளத்தைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தேன், விளிம்பு வரை இருந்தது. ஆக வெளியே எங்கும் ஒழுகவில்லை. இரண்டு, சக்கரங்களின் உட்பக்கம் ஈரமா? நான்கும் காய்ந்த புழுதி. மூன்று, குழாய்களில் காற்றா? காற்று இருந்தால் மிதி பஞ்சு போல அமுங்கும், விட்டால் எழும்பும். இது பஞ்சு இல்லை, சேறு. நான்கு, பிரேக் கட்டைகள் தேய்ந்து தளர்ந்திருக்கிறதா? அப்படியானால் மிதி ஆழத்தில் போய் நிற்கும், ஆனால் நிற்கும். இது நிற்கவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: மாஸ்டர் சிலிண்டர். மிதியை அழுத்தினால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உருளை அது. அதற்குள் இருக்கும் ரப்பர் கிண்ணத்தைத் தாண்டி எண்ணெய் பின்னுக்குக் கசிகிறது. உதைத்தால் ரப்பரின் உதடு விரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், மிதி நிற்கும். மெதுவாக அழுத்தினால் ஒட்டாது, இறங்கும். முதலாளியின் காலுக்கும் ஆரோக்கியத்தின் காலுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். ஒருவர் உதைக்கிறவர். இன்னொருவர் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குக் குலுங்கக் கூடாது என்று இருபது வருடம் பழகியவர்.

இதைச் சொன்னேன். முதலாளியின் முகம் சற்று மாறியது. அந்தச் சிலிண்டர் இரண்டு மாதத்துக்கு முன்னால் பவுண்டரி லேத்தில் போர் போட்டதாம். உள்சுவரில் துருப்புள்ளி இருந்ததால் குடைந்து மெருகேற்றியிருக்கிறார்கள். புதியது ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"நம்ம ஊருல இல்லாத லேத்துங்களா அம்மணி? நாளு பூரா சிலிண்டர் குடையறோம். ரப்பர் என்ன, கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும்."

அங்கேதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் பம்ப்காரர்கள். பழைய கைப்பம்பில் இருக்கும் தோல் வாஷர் தண்ணீரில் ஊறி, அழுத்தத்தில் விரிந்து, தேய்ந்த குழாயோடும் ஒட்டிக்கொள்ளும். தலைமுறைகளாக அதைப் பார்த்த கை, ரப்பரும் அப்படித்தான் என்று நம்பிவிட்டது. வேறு எந்த ஊரிலும் இந்தத் தவறு நடந்திருக்காது, ஏனென்றால் வேறு எந்த ஊரிலும் இவ்வளவு அழகாகக் குடைய வராது.

"நீங்க சொல்றது நெசமுன்னா காட்டுங்க பாக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளிக்கெழமைக்குள்ள வண்டி சரியாயிருக்கோணும்" என்றும் சொன்னார். சாலைப் பாதுகாப்பில் அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பும் வழியில் ஆரோக்கியம் முன் இருக்கையிலிருந்து கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் அவரை நம்பிய முதல் ஆள் நான்தான் என்று பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை காலை, எங்கள் ஊர் இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும். சரோஜா அக்கா கணவரின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, சுடிதாரின் மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார். பெண்பிள்ளை காருக்கடியில் படுப்பதை எதிர் வீட்டார் பார்க்காமல் ஷெட் கதவைப் பாதி சாத்தி வைத்தார். சிலிண்டரைக் குடைந்தவர் கந்தசாமி, லேத்தில் பெரிய கை. அவரையே எனக்கு உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ஆரோக்கியத்திடம், "அம்மணி டயரு கழட்டி ஒருட்டுவாங்களா, இல்ல நாம ஒருட்டோணுமா?" என்று கேட்டார். நீங்கள் சிலிண்டரைச் சரியாகக் குடைந்திருந்தால் யாருமே உருட்ட வேண்டியிருக்காது என்றேன். ஆரோக்கியம் அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார். கந்தசாமியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த வாயை ஒரு பித்தளை மூடியால் அடைக்கச் சொன்னேன். மூடியைக் கந்தசாமி பத்து நிமிடத்தில் கடைந்து மரையும் போட்டுக் கொண்டுவந்தார். சென்னையில் இதற்கு அரை நாள் அலைந்திருப்பேன். உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கினோம். இப்போது எண்ணெய்க்குப் போக வழியே இல்லை. மிதி இறங்கவே கூடாது. கந்தசாமியையே உட்கார்ந்து மெதுவாக அழுத்தச் சொன்னேன். இறங்கியது. அவர் கீழே குனிந்து எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி இறங்கியது. "அட" என்றார், அவ்வளவுதான்.

கழற்றித் துடைத்து அளந்தோம். உள்சுவர் கண்ணாடி போல இருந்தது, என் முகம் தெரிந்தது. அதன் அகலம் இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல். ரப்பர் கிண்ணம் பழைய அளவிலேயே, உள்ளே விட்டால் தன் பாட்டுக்குச் சரிந்தது. கந்தசாமி அதை இரண்டு முறை விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மதியத்துக்குள் டவுனிலிருந்து புதிய சிலிண்டர் வந்துவிட்டது. பவுண்டரியில் அன்று இரும்பு உருக்கும் நாள், எல்லோரும் உலையருகே இருந்தார்கள். நானும் ஆரோக்கியமும் மட்டும்தான். மிதியோடு சேர்ந்த தள்ளுதண்டுக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டுப் பொருத்தினேன். அது இல்லாவிட்டால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். பிறகு குழாய்களில் புகுந்திருந்த காற்றை வெளியே எடுத்தோம். தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்: இடது பின், வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். அவர் மிதிக்க, நான் கீழே படுத்து, சக்கரத்தின் உட்பக்கம் காற்று வெளியேறும் திருகாணியைத் திறந்தேன், மூடினேன். "அமுக்குங்க, பிடிங்க, விடுங்க." எண்ணெய் பிடித்த பாட்டிலில் குமிழிகள் வந்து, குறைந்து, நின்றன. மூன்று நேர்காணல்களில் மறுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

முதலாளி வந்தார். மெதுவாக அழுத்தினார், அவர் அப்படி அழுத்தியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மிதி அசையவில்லை. என்னைப் பார்த்து, நம்ம பவுண்டரிக்கே வந்துருங்க என்றார். ஆரோக்கியத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஆரோக்கியம் அவரைக் கும்பிட்டார், என்னையும். இனி முதலாளியே ஸ்டேஷனில் பிரேக்கின் தவறு என்று சொல்லிவிடுவார் என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

வெள்ளிக்கிழமை காலை வார்ப்புகளை அளந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் எங்கள் காரை ஓட்டிக்கொண்டு தெருமுனை வரை போனார், வந்தார். மெதுவாக நிறுத்தினார். வேகமாக நிறுத்தினார். காரின் மூக்கின் மேல் பேப்பரை வைத்து எழுதினார். யார் என்று கந்தசாமியைக் கேட்டேன்.

"ஆக்சிடென்ட் கேசுக்கு வண்டி பாக்கற இன்ஸ்பெக்டருங்க. இன்னைக்கு வாராருன்னு போன வாரமே சொல்லிப்போட்டாங்களே."

எனக்குச் சொல்லவில்லை. ஆரோக்கியத்துக்கும் சொல்லவில்லை. மோதிய வண்டியைச் சோதித்து, பழுது இருந்ததா இல்லையா என்று அந்த அதிகாரி எழுதுவதுதான் வழக்கில் நிற்கும். அதுவரை காரை ஸ்டேஷனில் வைத்திருக்க வேண்டும். முதலாளி ஒரு வார்த்தை சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் கையில் இருந்த அளவுகோலோடு வெளியே ஓடினேன். நேற்று வரை இந்த வண்டியில் வேறு சிலிண்டர் இருந்தது, அது கசிந்தது, அளவு என் நோட்டில் இருக்கிறது என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"நான் பாக்கறது இந்த வண்டியம்மா. நேத்து இருந்த வண்டிய என்னால பாக்க முடியாது. பழைய சிலிண்டர் இருந்தா கொண்டாங்க."

முதலாளி சற்றுத் தள்ளி நின்றிருந்தார். "அது நேத்தே உருக்குல போயிருக்குமுங்க. பழைய இரும்பெல்லாம் அங்கதானே போவுது" என்றார். உண்மைதான். அங்கே உடைந்த இரும்பு எதுவும் இரண்டு நாள் தரையில் கிடப்பதில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார்: பிரேக் நல்ல நிலையில் உள்ளது. அதிலும் பிழை இல்லை. நான்தான் பொருத்தினேன்.

அவர் போன பிறகு முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காப்பி வந்தது.

"அம்மணி, மனசுல வெச்சுக்காதீங்க. போர் போட்டது நம்ம பவுண்டரின்னு எழுத்துல வந்தா, நாளைக்கு நம்ம பம்பையும் எவன் நம்புவான்? உங்க கம்பெனி நம்புமா? ஆரோக்கியத்த நான் கைவிட மாட்டேனுங்க. கேட்டுல வாச்மேனாப் போட்டுக்கறேன்."

அப்படியானால் வழக்கில் தவறு யாருடையது என்று ஆகும் என்று கேட்டேன். காப்பி ஆறிப்போகும் என்றார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் மேலாளருக்குப் போன் செய்தேன். பம்ப் பார்க்கப் போனவள் பம்பைப் பார் என்றார். திரும்பிப் போய் மிச்ச வார்ப்புகளை அளந்தேன். ஒன்றைக்கூட ஒதுக்க முடியவில்லை. மிக நல்ல வேலை. எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி திட்டம் போட்டுத்தான் செய்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சிலிண்டரைத் தேடி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. தவறான பாகத்தைப் பத்திரப்படுத்து என்பது முதல் வருடப் பாடம். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை எனக்கு ரயில். காலையில் போத்தனூர் போக டவுன் பஸ் ஏறினேன். எண்ணைச் சரியாகப் பார்க்காததால் பஸ் சரவணம்பட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நடத்துநர் என்னை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று ஏற வேண்டியதைச் சிறுபிள்ளைக்குச் சொல்வது போல இரண்டு முறை சொன்னார். ஆரோக்கியத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி பதினொன்று. அவர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சான்றிதழ் விஷயம் அவருக்கு முந்தைய நாளே தெரிந்திருந்தது. காக்கிச் சட்டை தைக்க அளவு கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம், வாச்மேனுக்கு.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அளவுகளையும் சோதனையையும் தமிழில் எழுதி, என் பெயரும் படிப்பும் சென்னை முகவரியும் போட்டு வைத்திருந்தேன். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் வருவேன் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கி, முழுவதும் படித்தார். நாலாக மடித்தார்.

"சிலிண்டரு இல்லாம இந்தக் கடுதாசி என்னுங்க மேடம் பேசும்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அவசரமாகத் தலையாட்டினார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

"நீங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சீங்க. என்னைய ஒருத்தராச்சும் நம்புனீங்க, அது போதும். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க." சைக்கிள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கண்டுபுடிக்காம உட்டிருந்தா, அந்த ஆபீசரு காலு வெச்சதும் அவுருக்கே எறங்கியிருக்குமுங்க."

ரயிலில் சேலம் வரும்வரை அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.